பெட்டி பெட்டியாகப் போன பிக்கப்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குத் திரும்பும் பஸ். என் மடியில் ரேடியேட்டருக்கு வாங்கிய ரப்பர் ஹோஸ். பக்கத்தில் என் வீட்டுக்காரர் அசன். புதிதாக வாங்கிய பேரிங்கைக் கைக்குட்டையில் பொதிந்து வைத்துக்கொண்டு, கல்யாண மோதிரம் பார்ப்பவரைப்போல அடிக்கடி பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வன்னிக்கோனேந்தல் தாண்டியதும் என் போன் அடித்தது. கடையநல்லூரிலிருந்து இவருடைய சின்ன மாமி.

"ஏட்டி பரீதா, அசன் குடுத்துவிட்ட மெஷின் வந்து சேந்துச்சு. அல்ஹம்துலில்லாஹ். என்ன கனம், என்ன கனம்! கறி அரைக்கிற மெஷின்தான?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த மெஷின் மாமி?"

"சின்ன மாமின்னு பேரு போட்டுப் பெட்டில வந்துச்சுல்லா, அதான். எல்லாம் நல்லாருக்கு. பிளக்கைத்தான் காணும். வயரு உள்ள இருக்கோ?"

போனைக் காதிலிருந்து எடுக்காமலே இவரைத் திரும்பிப் பார்த்தேன். "மச்சான், உங்க சின்ன மாமிக்குக் கறி மெஷின் அனுப்புனீயளா?"

இவர் கையிலிருந்த பேரிங் கீழே விழுந்து, சீட்டுகளுக்கு அடியில் உருண்டு, டிரைவரிடம் போய் நின்றது.

அட்டைப் பெட்டிகளின் வரலாறு

சின்ன மாமி வீட்டுக்குப் போனது கறி மெஷின் அல்ல. எங்கள் பிக்கப் வண்டியின் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார். அது அங்கே போன கதையைச் சொல்ல வேண்டுமென்றால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் கதை சொல்ல எனக்கு எப்போதுமே வந்ததில்லை.

இவர் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் டிரைவராக இருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். நான் இங்கே சங்கரன்கோவிலில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், ஜாக்கெட் தைத்துக்கொண்டு இருந்தேன். இவர் லீவில் வருவார், போவார். வரும்போது கடையநல்லூரில் உள்ள சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி வரும். தைலம், சோப்பு, பால் பவுடர், போர்வை, டார்ச் லைட். பெட்டியின் மேல் பட்டை எழுத்தில் பெயர் இருக்கும்.

அந்தப் பெட்டிகளுக்கென்று ஒரு முறை இருக்கிறது. கொண்டுவந்தவர் எதிரில் பிரிக்கக் கூடாது. இரண்டு கையாலும் வாங்கி, லேசாகத் தூக்கிக் கனம் பார்த்துவிட்டு, "எதுக்கு தம்பி இதெல்லாம்" என்று சொல்லி ஓரமாக வைக்க வேண்டும். ஆள் போன பிறகு பிரித்துவிட்டு, அன்றைக்கே போனில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாங்கியதைக் குறை சொல்வதில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதும் இல்லை.

கடைசியாக இவர் வந்தபோது பெட்டிகள் வந்தன. ஆனால் காலியாக வந்தன.

கம்பெனியைத் திடீரென்று மூடிவிட்டார்கள். ஊருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே அட்டைப் பெட்டிகளை வாங்கி, எல்லோர் பெயரையும் அழகாக எழுதி வைத்திருந்தார் இவர். உள்ளே வைக்கச் சாமான் வாங்குவதற்குள் கதை முடிந்துவிட்டது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? அந்த அட்டைகளை மடித்து, கம்பளியோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். "நல்ல அட்டைட்டி. தூரப் போட மனசு வரல" என்றார்.

ஆனால் சொந்தக்காரர்களிடம் அப்படிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், "சாமான் கப்பல்ல வருது" என்று சொல்லிவிட்டார். அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தையும் விட்டுக் கிளம்பவில்லை என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

மல்லிகை வாசம் அடித்த துரு

வெறுங்கையோடு வந்த வெட்கம் அவரைத் தின்றது. வெளியே போகமாட்டார். ஜமாத்தில் யாராவது "எப்ப திரும்பப் போற?" என்று கேட்டால் போதும், அன்றைக்குச் சோறு இறங்காது. கடைசியில் ஓர் ஏஜென்ட்டிடம் பேசி, வேறு ஊருக்கு விசா கேட்டு வைத்தார்.  இத்தனை வருஷம் போனில் குடும்பம் நடத்தியது போதாதா? அவர் இருமுகிற சத்தம் பக்கத்து அறையிலிருந்து கேட்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்த சமயம் அது.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது.

பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, நான் துணி தைத்துக் கொடுக்கும் வீடுகளில் ஒன்று அவருடையது, தன் பழைய பிக்கப்பை இரும்புக் கடைக்குத் தள்ளப் போவதாகச் சொன்னார். "அதை எங்களுக்குத் தந்திருங்க அண்ணாச்சி" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. வண்டி ஓடினால் இவர் பூ லோடு அடிக்கலாம், சேலைக் கட்டு ஏற்றலாம். ஊரிலேயே இருக்கலாம். அவ்வளவுதான் என் திட்டம். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதற்குச் சக்கரம் உண்டு என்பது மட்டும்தான்.

கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தியபோது தெருவே கூடிவிட்டது. கதவைத் திறந்தால் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. ஆனால் சீட்டுக்கு அடியில் காய்ந்த மல்லிகை மொட்டும் பிச்சி மொட்டும் வாழைநாருமாகக் கிடந்து, வண்டி முழுக்க ஒரு பழைய வாசம் அடித்தது. துருவும் மல்லிகையும் சேர்ந்தால் என்ன வாசம் வரும் என்று யாராவது என்னிடம் கேட்டால் சொல்வேன், நன்றாகவே இருக்கும்.

மெக்கானிக் முருகையா வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். பேச்சில் மன்னன். கைவேலை அதற்கு அடுத்துதான்.

"அண்ணாச்சி, இதை ஓட்டணும்னா ரெண்டு மாடு வாங்கிக் கட்டணும்" என்றார்.

இவருக்குச் சுருக்கென்றது. அதுவரை வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டார்: "எங்கன இருந்து ஆரம்பிக்கணும், அதைச் சொல்லும்வே."

"இன்ஜினைப் பிரிக்காதிய. வெளில மாட்டிருக்க சாமானை மட்டும் கழட்டித் தொடச்சு வைங்க. பொறவு நான் வாரேன்."

அன்றிரவு சாப்பிடும்போது இவர் ஒரு கணக்குச் சொன்னார். ஹஜ்ஜுப் பெருநாளைக்குள் வண்டி ஓடினால் இங்கே. ஓடாவிட்டால் விசா. நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

இந்தியில் ஒரு ஸ்பேனர்

வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டினாரே தவிர, இவர் ஒருநாளும் பானட்டைத் திறந்தவர் இல்லை. அங்கே வண்டி நின்றால் கம்பெனிக்குப் போன் போடுவார்களாம், வேறு வண்டி வருமாம். ஆகவே நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. போனில் வீடியோ பார்த்துப் படித்தோம். நல்ல வீடியோ எல்லாம் இந்தியில் இருந்தது. கூட வேலை பார்த்தவர்களிடம் கற்ற இந்தியில் இவர் கேட்டு, எனக்குத் தமிழில் சொல்வார். நடுவில் பாதி காணாமல் போகும். மீதியை வைத்து வேலை செய்தோம்.

முதல் நட்டு கழலவே இல்லை. டீசல் ஊற்றினோம், சுத்தியலால் தட்டினோம், இவர் கொஞ்சம் கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தார். கடைசியில் என் தையல் மெஷின் எண்ணெயை வழிய வழிய ஊற்றி ஒரு ராத்திரி விட்டுவிட்டோம். காலையில் கீச்சென்று ஒரு சத்தத்தோடு திரும்பியது. அந்தச் சத்தத்துக்கு இவர் சிரித்த சிரிப்பை, ஊர் வந்த பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் பிடித்துக்கொண்டார். காலையில் தேநீர் குடித்த கையோடு வண்டிக்கு அடியில் போவார். நான் தைத்துக்கொண்டே, கேட்ட சாமானை எடுத்துக் கொடுப்பேன். சீட்டுக்கு ரெக்சின் தைத்தது நான்தான். ஊசிகள் ஒடிந்ததைப் பற்றிப் பேச வேண்டாம்.

கழற்றிய சாமானை எங்கே வைப்பது? வீடியோவில், ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதித் தனித்தனியாக வை என்றார்கள். இவருக்கா சொல்லித் தர வேண்டும்! பெட்டி கட்டுவதில் பட்டம் வாங்கியவர். பரணிலிருந்து அந்த அட்டைப் பெட்டிகளை இறக்கினார். ஒவ்வொரு சாமானையும் பேப்பரில் சுற்றி, உள்ளே வைத்து, பழுப்பு டேப் ஒட்டி, கயிறு கட்டி, முடிச்சுப் போட்டு, முன்னறையில் வரிசையாக அடுக்கிவிட்டார்.

"உள்ள என்ன இருக்குன்னு மேல எழுதுங்க மச்சான்" என்றேன்.

"எதுக்கு எழுதணும்? அதான் பேரு இருக்குல்லா. சின்ன மாமின்னா செல்ஃப் மோட்டாரு. பெரிய மச்சான்னா ரேடியேட்டரு. ஹாஜியார் மாமான்னா டீசல் அடிக்க நாசிலு. மனசுல பதிஞ்சுபோச்சு."

எனக்கும் பதிந்துபோயிற்று. கொஞ்ச நாளில் நாங்கள் பேசுவதைக் கேட்டால் யாரும் பயந்துபோவார்கள். "பெரிய மச்சான் ரொம்ப ஒழுகுதாரு, பத்தவைக்கணும்" என்பார். "சின்ன மாமியைத் தொடச்சாச்சா?" என்பேன்.

மதினியின் நல்ல மனசு

இனி பஸ்ஸுக்குத் திரும்பலாம்.

பேரிங்கைப் பொறுக்கிக்கொண்டு வந்து உட்காருவதற்குள் இவருக்கு ஒரு போன். இவருடைய அக்கா ரஹ்மத். எனக்கு மதினி. குரலில் அவ்வளவு சந்தோஷம், பக்கத்தில் எனக்கே கேட்டது.

"ஏலே அசனு, உனக்கு ஒரு வேலை மிச்சம்டா. கறி ஆணம் காச்சி எடுத்துக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுல சாவி வாங்கித் தொறந்தா, பெட்டியெல்லாம் வந்து கெடக்கு. கப்பல்ல வந்ததச் சொல்லவே இல்ல பாத்தியா? பெருநாளு வேற வருதேன்னு, லோடு ஆட்டோ பிடிச்சு நானே கடையநல்லூருக்குக் கொண்டாந்து வீடு வீடாக் குடுத்துட்டேன். எல்லாருக்கும் அவ்வளவு சந்தோசம். தம்பி கையைச் சுருக்காம செய்திருக்கான், என்னா கனம்னு சொல்லுதாவ."

 மதினி விடாமல் பேசிக்கொண்டிருந்தார். ஹாஜியார் மாமா தன் பெட்டியைப் பிரித்து முகர்ந்து பார்த்து, "ஊது அத்தர்லயே புது மாதிரி போலுக்கு, வாசம் தூக்குது" என்றாராம். டீசல் நாசில்!

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் இவர் முகம் செத்துப்போயிருந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"நாளைக்குப் போய் வாங்கிட்டு வந்துருவோம் மச்சான்" என்றேன்.

"எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் போகச் சொல்லுத? குடுத்ததைத் திருப்பிக் கேக்கச் சொல்லுதியா? அதுவும், கப்பலு இல்ல, ஒண்ணும் இல்ல, நான் பொய் சொன்னேன்னு சொல்லிக் கேக்கணும்."

"சொன்னா என்ன?"

"வேண்டாம். இருக்கட்டும். இரும்புக் கடைக்குப் போட்டுரலாம்." அதற்கு மேல் ஊர் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் வண்டிப் பக்கமே போகவில்லை. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு, பாஸ்போர்ட் நகல் அனுப்புவது பற்றிப் பேசினார். வாசலில் பிக்கப் கண்ணும் மூக்கும் இல்லாமல் நின்றது. ஹெட்லைட்டுகூடத் தங்கச்சி மாப்பிள்ளை வீட்டில் இருந்தது.

யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவர் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, மதினிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பெனி மூடியது, காலிப் பெட்டி, இல்லாத கப்பல், விசா, எல்லாம். சத்தியத்தை மீறியதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. திரும்ப வாய்ப்பு வந்தால் திரும்பவும் சொல்வேன்.

 மதினி, "வெறுங்கையோட வந்தா எங்களுக்கு அவன் தம்பி இல்லாமப் போயிருவானாட்டி?" என்று கேட்டார். அழுகிறார் என்று தெரிந்தது. "பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பெட்டிகள்

ஞாயிறு காலை. நான் இட்லிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரே கலகலப்பு. எட்டிப் பார்த்தால், முன்னால் ரஹ்மத் மதினி. பின்னால் பெரிய மச்சான் ரேடியேட்டர் பெட்டியைத் தலையில் வைத்து வருகிறார். சின்ன மாமி செல்ஃப் மோட்டாரைத் துவைத்த துண்டில் சுற்றி, பிறந்த பிள்ளையை ஏந்துவதுபோல ஏந்தி வருகிறார். ஹாஜியார் மாமா, தங்கச்சி மாப்பிள்ளை, அவர்கள் வீட்டுக்காரர்கள். கடையநல்லூர் பஸ்ஸில் பாதி எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது.

இவர் வாசலில் நின்றார். உள்ளே ஓடவும் முடியாமல், முன்னால் வரவும் முடியாமல்.

பெரிய மச்சான் பெட்டியை நீட்டினார். "பிடி மாப்ளே."

பழக்கதோஷம் பாருங்கள், இவர் இரண்டு கையாலும் வாங்கி, லேசாகத் தூக்கிக் கனம் பார்த்து, "எதுக்கு மச்சான் இதெல்லாம்" என்றார்.

அவ்வளவுதான். பெரிய மச்சான் சிரித்த சிரிப்பில் தெருவில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வெளியே வந்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்களில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். பெட்டிக்கும் அதே முறைதான் போலிருக்கிறது. ரேடியேட்டரோடு ஒரு புதுக் கைலி இருந்தது, பெரிய மச்சான் வீட்டுத் தறியில் நெய்தது. நாசிலோடு ஓர் உண்மையான அத்தர் குப்பி. சின்ன மாமி செல்ஃப் மோட்டாரைச் சுற்றி முறுக்கு அடுக்கியிருந்தார். டீசல் வாசத்தோடு அதையும் தின்று தீர்த்தோம்.

இத்தனை வருஷமும் பெட்டி எங்கள் பக்கமிருந்துதான் போனது. எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தது அன்றைக்குத்தான். 

முருகையாவுக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தார், பார்த்தார், "இத்தனை கையி இருக்கும்போது மாடு எதுக்கு?" என்றார். வேலை தொடங்கியது. வேலையா அது? ஆளுக்கொரு யோசனை. சின்ன மாமி தன் செல்ஃப் மோட்டார் எங்கே மாட்டப்படுகிறது என்று குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு அடியில கொண்டு வைக்கியளே, யாரு கண்ணுக்குத் தெரியும்?" என்று குறைப்பட்டார். நான் பழக்கத்தில், "பெரிய மச்சானை இன்னும் கொஞ்சம் முறுக்குங்க" என்று சொல்லிவிட, அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லி முடிந்த பிறகு எல்லாம் மாட்டி முடிந்தது. பாட்டரி இணைத்தார்கள். இவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாவியைத் திருப்பினார்.

வண்டி இருமியது. ஒரு குடம் கரும்புகை கக்கியது. உடம்பெல்லாம் ஒரு உதறு உதறியது. நின்றுவிட்டது.

கூட்டம் கைதட்டியது. முருகையா, "உசுரு இருக்கு. டீசல் லைன்ல காத்து அடச்சிருக்கு, இன்னும் ரெண்டு மூணு கோளாறும் இருக்கும்போல. போகப்போகப் பாப்போம்" என்றார்.

நான் கைதட்டவில்லை. விடிந்தால் பெருநாள். வண்டி ஓடவில்லை. ஓடாவிட்டால் விசா என்ற எங்கள் பேச்சு அந்தக் கூட்டத்தில் எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

அவர் இறங்கி மறுபடி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஏஜென்ட்டின் போன். கையெல்லாம் மசி என்பதால் என்னிடம் போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். குனிந்து, வண்டிக்கு அடியில் போனை நீட்டினேன்.

"பாய், விசா வந்தாச்சு. வண்டி விசயம் என்னாச்சு? ஓடிருச்சா?"

"ஓடல அண்ணாச்சி."

 அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப டிக்கெட் போட்டுருதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. வண்டி ஓடலல்லா, அதான் வர முடியாது."

"என்ன பாய், ஓடலேன்னா வாரேன்னுதான சொன்னிய?"

"அது எவ்வளவு வேலை இருக்குன்னு தெரியாம சொன்னது. இங்க எல்லாம் பாதில கெடக்கு. போட்டுட்டு எப்படி வர? வேற ஆளைப் பாருங்க."

போனை வைத்த பிறகும் அவர் வெளியே வரவில்லை. அடியிலிருந்து கை மட்டும் நீண்டது. "ஏட்டி பரீதா, பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தேன். கண் நிறையத் தண்ணீர், எந்த நம்பர் என்று எனக்குத் தெரியவில்லை. அது தப்பான ஸ்பேனர்தான். அவர் அதையே நட்டில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.